பயனிலையிலிருந்து பின்னோக்கி: வாக்கிய அமைப்பைக் கற்பித்து வாசிப்புப் புரிதலை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைத் தடங்கலின்றி உரக்க வாசித்துவிடுவார்கள். அதிலுள்ள சொற்களுக்குத் தனித்தனியே பொருள் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால், ஒரு நீண்ட வாக்கியத்தைக் காட்டி, யார் எதைச் செய்தார், ஏன் செய்தார் என்று கேட்டால் விடை வராது. அல்லது வாக்கியத்தின் ஒரு துண்டை அப்படியே பெயர்த்தெடுத்து ஒப்பிப்பார்கள். இத்தகைய மாணவர்களுக்கு மேலும் மேலும் எழுத்துப் பயிற்சியும் அருஞ்சொற்பொருள் பட்டியலும் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அவர்களிடம் குறைவாக இருப்பதோ, வாக்கியத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று காணும் திறன். வாசிப்புப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கக் கிடைக்கும் விடை என்று கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த கருத்து இங்கே நன்றாகப் பொருந்தும்: பெருக்கலில் ஓர் எண் சிறுத்துவிட்டால், மற்றொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சிறுத்தே இருக்கும்.

வாக்கிய அமைப்பைக் கற்பிப்பது என்றதும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைக் கோடிட்டுப் பெயர் எழுதும் இலக்கணப் பயிற்சி பலருக்கு நினைவுக்கு வரும். இங்கு விளக்கப்படும் முறையின் நோக்கம் அதிலிருந்து வேறானது. மாணவர் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்ல வேண்டும் என்பதைவிட, ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிறது என்று சொல்ல வேண்டும் என்பதே இங்கு முதன்மையானது. பெயர்கள் பின்னால் வரலாம். கேள்விகள் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

தமிழ் வாக்கியம் ஏன் வாசிப்பவரைக் களைப்படையச் செய்கிறது

தமிழில் அடைகள் எல்லாம் தாம் தழுவும் சொல்லுக்கு முன்னே வருகின்றன. பயனிலை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ஆகவே வாசிப்பவர், எதற்காக என்று தெரியாமலேயே பல துண்டுகளை மனத்தில் தாங்கிக்கொண்டு, பயனிலை வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. பேச்சுத் தமிழ் இந்தச் சுமையைக் குறைத்துவிடுகிறது: "நேத்து வந்தான்ல, அந்தப் பையன், அவன் அண்ணன்தான் சொன்னாரு" என்று செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, தேவையானதைப் பின்னால் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது. இதே செய்தியை எழுத்துத் தமிழ், "நேற்று வந்த பையனின் அண்ணன் சொன்னார்" என்று ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறது. வீட்டிலும் தெருவிலும் தமிழை மிகச் சரளமாகப் பேசும் குழந்தை பாடப்புத்தகத் தமிழில் தடுமாறுவதற்கு இந்த வேறுபாடு ஒரு பெருங்காரணம். அத்தடுமாற்றத்தை அறிவுக்குறைவாகவோ அக்கறையின்மையாகவோ கொள்வது அக்குழந்தைக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

பின்வரும் வாக்கியத்தை வழிகாட்டி முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சமூக அறிவியல் பாடத்தில் வரக்கூடிய வகையைச் சேர்ந்தது இது.

"வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் போதிய மழை பெறாத தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்கள் பலவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையைத் தருகிறது."

இதில் 30 சொற்கள் உள்ளன. எழுவாய் ஏழாவது சொல்லோடு முடிகிறது. பயனிலையோ முப்பதாவது சொல். இடையில் இருக்கும் 22 சொற்களையும் கடந்து வருவதற்குள் எழுவாய் எது என்பதை மாணவர் மறந்துவிடுகிறார். போதாக்குறைக்கு, இன்னொரு பருவக்காற்றும் நடுவில் வந்து நிற்கிறது.

தொடங்கும் முன்: யாருக்கு எது தடை என்று கண்டறிதல்

மாணவருக்குத் தெரிந்த சொற்களே நிறைந்த, ஆனால் அமைப்பில் சிக்கலான நான்கைந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மாணவரை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பிறகு அதே வாக்கியத்தை நீங்கள் சரியான இடங்களில் நிறுத்தி வாசித்துக் காட்டி, ஒரே கேள்வியை இரு முறையும் கேளுங்கள். தாம் வாசித்தபோது விடை சொல்ல முடியாத மாணவர், நீங்கள் நிறுத்தி வாசித்ததும் சொல்லிவிட்டால், துண்டுகளைப் பிரித்தறிவதில்தான் அவருக்குத் தடை இருக்கிறது. இரண்டு முறையும் சொல்ல முடியவில்லை என்றால், அவ்வமைப்பே அவருக்குப் புதிது என்று கொள்ளலாம். எழுத்துக் கூட்டி வாசிப்பதிலேயே திணறும் மாணவருக்கு அந்தப் பயிற்சி தனியே தொடர வேண்டும். எனினும், அது முடியும்வரை அவரை வாக்கியப் பயிற்சியிலிருந்து ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. நீங்கள் வாசிக்க, அவர் காதால் கேட்டே இப்பயிற்சிகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

ஒரு பாடவேளைக்கு ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்கள் போதும். அவற்றை அன்றன்று நடத்தும் பாடத்திலிருந்தே எடுக்க வேண்டும். தமிழாசிரியரைக் காட்டிலும் அறிவியல் ஆசிரியருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இம்முறை அதிகம் பயன்படும்.

படி 1: பயனிலையைக் கண்டுபிடித்தல்

வாசிப்பு இடமிருந்து வலமாகச் சென்றாலும், ஆராய்ச்சி கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கட்டும். "தருகிறது" என்ற சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். பயனிலை எப்போதும் வினைமுற்றாகவே இருக்காது என்பதையும் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். "வைகை பாயும் மாவட்டங்களுள் ஒன்று மதுரை" என்பதில் பயனிலை ஒரு பெயர்ச்சொல். அறிவியல் பாட வரையறைகள் பெரும்பாலும் "எனப்படும்" என்றோ "ஆகும்" என்றோ முடிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கிடைக்காமல் போய்விட்டது", "வளர்ந்துகொண்டிருக்கிறது" போன்றவற்றில் துணைவினைகள் சேர்ந்தே ஒரு பயனிலையாகின்றன. இவற்றை உடைத்து, வளர்வது ஒன்று, கொள்வது இன்னொன்று, இருப்பது மற்றொன்று என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அடைக்கப் பழக்குங்கள்.

படி 2: பயனிலையிடம் கேள்வி கேட்டல்

இதுவே இம்முறையின் உயிர்நிலை. மற்ற படிகளுக்கு நேரம் குறைந்தாலும் இதற்குக் குறையக் கூடாது. பயனிலையைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பே கேள்விகளை எழுப்ப வேண்டும்:

எது தருகிறது? வடகிழக்குப் பருவக்காற்று.
எதைத் தருகிறது? மழையை.
எவற்றுக்குத் தருகிறது? மாவட்டங்கள் பலவற்றுக்கு.
எப்போது தருகிறது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

நான்கு விடைகளையும் சேர்த்தால், "வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாவட்டங்கள் பலவற்றுக்கு மழையைத் தருகிறது" என்ற எலும்புக்கூடு கிடைக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதுங்கள். முப்பது சொற்களைக் கண்டு மிரண்ட மாணவர், வாக்கியத்தின் சாரம் பத்துச் சொற்களுக்குள் அடங்குவதைக் காண்பது அவருக்குப் பெரிய துணிவைத் தரும்.

விடைகளைத் தேடும்போது வேற்றுமை உருபுகள் வழிகாட்டிகளாகின்றன. "எதை" என்ற கேள்விக்கு "ஐ" உருபு ஏற்ற சொல்லையும், "எவற்றுக்கு" என்பதற்குக் "கு" உருபு ஏற்ற சொல்லையும் தேட வேண்டும் என்பதை மாணவர்களே கவனித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். கேள்விச் சொல்லின் இறுதியும் விடைச் சொல்லின் இறுதியும் ஒத்திருப்பது அவர்கள் கண்ணில் படாமல் போகாது. வேற்றுமைகள் எட்டையும் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள்கூட, அவை வாசிப்பதற்கு உதவும் கருவிகள் என்பதை இந்த இடத்தில்தான் முதன்முதலாக உணர்கிறார்கள்.

உருபு மறைந்து வரும் இடங்களில் குழப்பம் நேரும். "புலி கொன்ற யானை" என்ற தொடரில் கொன்றது எது, இறந்தது எது என்பதைத் தொடரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. இவ்வகை மயக்கத்தைத் தொல்காப்பியம் "தடுமாறு தொழிற்பெயர்" என்று பேசுகிறது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று உருபை வெளிப்படையாக எழுதி இரண்டு படங்கள் வரையச் சொன்னால், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட உருபின் வேலையைப் புரிந்துகொள்ளும். ஒற்று மிகுவதும் இத்தகைய ஒரு வழிகாட்டியே. "வேலை தேடிச் சென்றான்" என்றால் பணியைத் தேடினான். "வேலைத் தேடிச் சென்றான்" என்றால் வேல் என்னும் ஆயுதத்தைத் தேடினான். எழுதுபவருக்கான விதியாக மட்டுமே கற்பிக்கப்படும் வல்லினம் மிகுதல், வாசிப்பவருக்கும் குறிப்புத் தருகிறது என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

படி 3: பெயரெச்சத் துண்டுகளை அடைப்புக்குள் இடுதல்

எலும்புக்கூடு கிடைத்தபின், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நிற்கும் அடையை ஆராயலாம். எந்தப் பருவக்காற்று? ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று. எந்த மாவட்டங்கள்? போதிய மழை பெறாத மாவட்டங்கள். "வரும்", "பெறாத" என்னும் பெயரெச்சங்களில் அடைப்புக்குறி முடிய வேண்டும். எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பு பேசி முடிவுசெய்யட்டும்.

பெரும்பாலான பிழைகள் நிகழும் இடம் இதுவே. "போதிய மழை பெறாத" என்பதை அடுத்து நிற்கும் சொல் "தமிழ்நாட்டின்". ஆகவே தமிழ்நாடு முழுவதுமே மழை பெறவில்லை என்று சில மாணவர்கள் பொருள் கொள்வார்கள். பெயரெச்சம் அடுத்த சொல்லோடுதான் முடிய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை; இடையில் வேறு அடைகள் நிற்கலாம். எந்தப் பெயரோடு முடிகிறது என்பதைப் பொருளை வைத்தே தீர்மானிக்க வேண்டும். "தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்" என்ற துண்டும் இப்படிப்பட்டதே. அருகில் இருப்பது "இருப்பதால்" என்ற சொல். ஆனால் மாவட்டங்கள் மழை மறைவுப் பகுதியில் இருப்பது ஆண்டு முழுவதும் மாறாத நிலை. அந்தக் காலத்தில் நிகழ்வது மழை பெறாமையே. ஆகவே அத்துண்டு "பெறாத" என்பதோடு சேர்கிறது. இந்த ஒரு துண்டைப் பற்றி வகுப்பு பத்து நிமிடம் வாதிட்டாலும் அந்த நேரம் வீணாகாது. இலக்கணமும் பாட அறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை மாணவர்கள் தாமே கண்டறியும் இடம் அது.

அடைப்புக்குள் இட்ட ஒவ்வொரு துண்டையும் தனி வாக்கியமாக மாற்றிச் சொல்லச் செய்யுங்கள். "ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று" என்பது "பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது" என்றாகும். தொடக்கத்தில் கல்லணையைப் போன்ற பழகிய செய்திகளில் இதைப் பயிற்றலாம்: "கரிகாலன் கட்டிய கல்லணை" என்பதிலிருந்து "கரிகாலன் கல்லணையைக் கட்டினான்" என்று மாற்றுவது எளிது.

செயப்பாட்டு வினை வரும் பெயரெச்சங்களுக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பேச்சில் அது அரிது. "1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன்" என்ற தொடரில் தூக்கிலிட்டவர் யார் என்பது சொல்லப்படவே இல்லை. "கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர்கள் யார்?" என்று கேட்டு, "ஆங்கிலேயர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டனர்" என்று செய்வினையாக மாற்றச் செய்யுங்கள். விடுபட்ட வினைமுதலை, அதாவது செயலைச் செய்தவரை, தேடும் பழக்கம் வரலாற்றுப் பாடத்தை வாசிப்பவருக்கு மிகவும் தேவைப்படும் ஒன்று.

படி 4: வினையெச்சங்கள் சொல்லும் உறவை அறிதல்

பெயரெச்சம் எந்தப் பெயரை விளக்குகிறது என்று கேட்கிறோம்; வினையெச்சமோ இரண்டு செயல்களுக்கிடையே உள்ள உறவைச் சொல்கிறது. "விதைத்து", "விதைக்க", "விதைத்தால்", "விதைத்தாலும்", "விதைத்ததால்" என்பவற்றை ஒரே வினைச்சொல்லில் எழுதி, ஒவ்வொன்றையும் முடித்துச் சொல்லச் செய்வது நல்ல தொடக்கம். முன்பின் வரிசை, நோக்கம், நிபந்தனை, எதிர்பார்ப்புக்கு மாறான விளைவு, காரணம் என்று ஈறு மாறும்போது உறவும் மாறுகிறது. குறிப்பாக "ஆலும்" என்ற ஈற்றில் உள்ள "உம்" கண்ணில் படாமல் போனால், வாக்கியத்தின் பொருள் தலைகீழாகிவிடும்.

"செய்து" என்னும் வாய்பாட்டு எச்சத்தின் வினைமுதலும் முற்றின் வினைமுதலும் ஒன்றாகவே இருக்கும் என்பது பொதுவிதி. "கபிலன் வயலை உழுது விதைத்தான்" என்றால் உழுதவனும் விதைத்தவனும் ஒருவனே. எழுவாயை ஒரு முறை சொல்லிவிட்டு நான்கு எச்சங்களை அடுக்கும் வாக்கியங்களில், அந்த நான்கு செயல்களையும் செய்தவர் ஒருவரே என்பதை இவ்விதி உறுதிப்படுத்துகிறது. விதிவிலக்கும் உண்டு: "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். இங்கே "பெய்து" என்பது "பெய்ததால்" என்ற காரணப் பொருளைத் தருகிறது. விதியை முதலில் உறுதிப்படுத்தி, விலக்கைச் சில வாரங்கள் கழித்து அறிமுகம் செய்வதே நலம்.

படி 5: "என்று" வரும் இடத்தில் நிறுத்தி, இது யார் கூற்று என்று கேட்டல்

"பூமியே அண்டத்தின் மையம் என்று தாலமி கூறியதை, 1543இல் வெளியான தம் நூலில் கோப்பர்நிக்கஸ் மறுத்தார்." இந்த வாக்கியத்தை வாசித்த மாணவரிடம் பூமி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அண்டத்தின் மையத்தில் என்று பதில் வரக்கூடும். அவர் வாசித்ததில் பிழை இல்லை. ஆனால் வாக்கியத்தின் முதல் நான்கு சொற்களில் "என்று" வரையுள்ளதை நூலாசிரியரின் கூற்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். தமிழில் கூற்று முதலில் வருகிறது. அது யாருடைய கூற்று என்பதும், ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதும் பின்னால்தான் தெரியவருகின்றன.

எனவே "என்று", "என", "என்ற", "என்பது" ஆகியவை வரும் இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இதைச் சொன்னவர் யார்? அவர் இதைச் சொன்னாரா, எண்ணினாரா, ஐயுற்றாரா? நூலாசிரியர் இதை ஏற்கிறாரா? "கருதப்பட்டது", "நம்பப்படுகிறது" போன்ற பயனிலைகள் வரும்போது மூன்றாவது கேள்வி மிக இன்றியமையாதது. செய்தித்தாளையும் கைப்பேசியில் வரும் தகவல்களையும் வாசிக்கப்போகும் ஒரு தலைமுறைக்கு, இதைவிடப் பயனுள்ள வாசிப்புப் பாடம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்மறையும் இதே காரணத்தால் சிக்கலாகிறது, ஏனெனில் "இல்லை" என்பதும் கடைசியில்தான் வருகிறது. "தாவரங்கள் இரவிலும் சுவாசிக்காமல் இருப்பதில்லை" போன்ற இரட்டை எதிர்மறைகளை, "சுவாசிக்கின்றனவா, இல்லையா?" என்ற ஒற்றைக் கேள்வியால் தெளிவுபடுத்துங்கள்.

படி 6: பிரித்ததை மீண்டும் சேர்த்தல்

பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டால், நீண்ட வாக்கியம் என்றாலே உடைக்கப்பட வேண்டிய ஒரு தொல்லை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடும். நமது எடுத்துக்காட்டைப் பிரித்தால் நான்கு வாக்கியங்கள் கிடைக்கின்றன:

வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது.
தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்கள் பல மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கின்றன.
அதனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவை போதிய மழை பெறுவதில்லை.
வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவற்றுக்கு மழையைத் தருகிறது.

புத்தகத்தை மூடிவிட்டு, இந்த நான்கையும் ஒரே வாக்கியமாகவோ இரண்டு வாக்கியங்களாகவோ இணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இணைப்பார்கள். கரும்பலகையில் இரண்டு மூன்று விடைகளை அடுத்தடுத்து எழுதி, எதில் காரணம் தெளிவாகத் தெரிகிறது, எதில் "அவை" எதைக் குறிக்கிறது என்பது மங்கிவிட்டது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாடப்புத்தக வாக்கியத்தைவிட மாணவர் எழுதியது தெளிவாக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிப் பாராட்டுங்கள். எழுத்துத் திறனை வளர்க்க வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி உதவுகிறது என்பதை கிரகாம், பெரின் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் எடுத்துரைத்தது.

படி 7: வாக்கியத்திலிருந்து பத்திக்கு

தனி வாக்கியங்களில் தேர்ந்தபின், வாக்கியங்களுக்கிடையே உள்ள இணைப்புகளைக் கவனிக்கப் பழக்கலாம். தமிழில் எழுவாய் வெளிப்படையாக வராமலேயே ஒரு பத்தி நகரும். "சென்றனர்", "கண்டனர்", "திரும்பினர்" என்று வினைமுற்றுகள் மட்டும் தொடர்ந்து வரும்போது, திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் விகுதியே தோன்றா எழுவாயைக் கண்டறிய உதவுகிறது. பத்தியின் ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே அதன் எழுவாயை எழுதச் சொன்னால், கதைமாந்தர் எங்கே மாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். "இது", "அவை", "இவ்வாறு" போன்ற சுட்டுகளிலிருந்து அவை குறிக்கும் சொல்லுக்கோ செய்திக்கோ அம்புக்குறி வரையச் செய்யுங்கள். "இதனால்" என்பது ஒரு சொல்லைக் குறிக்காமல் முந்தைய வாக்கியம் முழுவதையுமே குறிக்கும் இடங்கள் பல உண்டு. அம்பு அங்கே ஒரு சொல்லில் முடியாமல், அந்த வாக்கியத்தைச் சுற்றி வரைந்த கட்டத்தில் முடிய வேண்டும்.

மதிப்பிடும் முறை

"இவ்வாக்கியத்தில் உள்ள பெயரெச்சத்தை எடுத்து எழுதுக" என்பது இலக்கண அறிவைச் சோதிக்கும் வினா. புரிதலை அது காட்டாது. பாடத்தின் சொற்களையே திரும்ப எழுதினால் விடையாகிவிடும் வினாக்களும் அப்படியே. பதிலாக, வாக்கியத்தின் பொருளோடு ஒத்துப்போகும் கூற்று ஒன்றையும், அதே சொற்களைக் கொண்டு உறவை மட்டும் மாற்றிய கூற்றுகள் இரண்டையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "தென்மேற்குப் பருவக்காற்று கடலோர மாவட்டங்கள் பலவற்றுக்கு அக்டோபரில் மழை தருகிறது" என்ற கூற்றில் புதிய சொல் ஏதும் இல்லை. ஆனால் வாக்கிய அமைப்பைப் பின்பற்றாதவர் இதைச் சரியென்றே கொள்வார். சில வேளைகளில், வாசித்ததை வீட்டில் தம்பிக்கோ பாட்டிக்கோ சொல்வதுபோலப் பேச்சுத் தமிழில் சொல்லுமாறும் கேட்கலாம். எழுத்துத் தமிழின் அடுக்கைக் கலைத்துப் பேச்சின் துண்டுகளாக மாற்ற முடிந்த மாணவர் அவ்வாக்கியத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். அவர் பேசுவதைத் திருத்தாமல் கேளுங்கள்.

இப்பயிற்சி பழகியபின், செய்யுள் பாடங்களை நடத்தும்போதும் இதே கேள்விகளைப் பயன்படுத்தலாம். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் வகுத்துரைக்கும் எட்டுப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு என்பது, பாடலின் வெவ்வேறு அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்பக் கொண்டுவந்து கூட்டுவதாகும். வினைமுற்றைக் கண்டு, அதற்குரிய எழுவாயைத் தேடி, எஞ்சியவற்றை உரிய இடத்தில் சேர்ப்பதே அங்கும் முறை. ஆசிரியர் ஆயத்தமான உரையை ஒப்பிப்பதற்கு முன், பாடலின் வினைமுற்றை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு, மாணவர்களே கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் தரலாம்.